புது லேப்டாப்பில் பழைய கேம் ஐந்து. ஐந்தும் சரியாக ஓட மறுக்கின்றன

தூசிவட்டு

வணக்கம். போன வாரம் புது லேப்டாப் வந்தது. விண்டோஸ் 11, 16 ஜிபி ராம், 144 ஹெர்ட்ஸ் திரை. சிடி டிரைவ் கிடையாது. அதற்கென்று யுஎஸ்பியில் மாட்டும் டிரைவ் ஒன்றைத் தனியாக வாங்கி, பழைய வட்டுப் பெட்டியை இறக்கித் துடைத்து, ஆசை ஆசையாக ஐந்து கேம்களைப் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் கைவிரித்துவிட்டன.

முதலாவது 1996இல் வந்த உத்தி கேம். செட்டப்பை அழுத்தினாலே "இந்த ஆப் உங்கள் பிசியில் இயங்காது" என்று ஒரு பெட்டி வருகிறது. இரண்டாவது 2002இல் வந்த கார் பந்தயம். இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் திறந்தால் வட்டைப் போடச் சொல்கிறது. வட்டு உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது! மூன்றாவது 1998இல் வந்த நகரம் கட்டும் கேம். அது திறக்கிறது, ஒலியும் வருகிறது, ஆனால் புல் ஊதா, தண்ணீர் சிவப்பு. நான்காவது 2008இல் வந்த சுடும் கேம். டி3டிஎக்ஸ்9_38.டிஎல்எல் என்ற கோப்பைக் காணவில்லை என்கிறது.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். 2004இல் வந்த சாகச கேம். இன்ஸ்டால் சுத்தமாக முடிந்தது. ஐகானை இருமுறை அழுத்தினால் மவுஸ் இரண்டு நொடி சுற்றுகிறது, அவ்வளவுதான். பிழைச் செய்திகூட இல்லை.

காம்பேட்டிபிலிட்டி மோடில் 95, 98, எக்ஸ்பி எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. அட்மினாக ஓட்டியும் பார்த்தாயிற்று. இனி என்ன செய்வது?

சும்மாபார்த்தேன்

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2003ஆம் வருடத்து லேப்டாப் வாங்குங்கள். எல்லாம் ஓடும்.

பிக்சல்பித்தன்

கவலை வேண்டாம், எல்லாம் ஓட வைக்கலாம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் டைரக்ட்பிளேயை டிக் செய்யுங்கள், டாட்நெட் 3.5 போடுங்கள், டிஜிவூடூ போடுங்கள், ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். நான் எப்போதும் இந்த வரிசையில்தான் செய்வேன்.

நீலத்திரை

பித்தன், ஆன்டிவைரஸை நிறுத்துவதை மட்டும் தயவுசெய்து முதல் வேலையாகச் சொல்லாதீர்கள். நண்பர் சொன்ன ஐந்தும் ஐந்து வெவ்வேறு நோய்கள். ஒரே கஷாயத்தை ஐந்து பேருக்கும் ஊற்றினால் எது எதற்கு வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

தூசிவட்டு, முதலில் அந்த காம்பேட்டிபிலிட்டி மோடு பற்றி. அதில் 98 என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே ஒரு விண்டோஸ் 98 ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் ஓடுவதில்லை. கேம் "நீ எந்த விண்டோஸ்?" என்று கேட்டால் பழைய எண்ணைச் சொல்லி ஏமாற்றும். கூடவே சில பழைய நடத்தைகளுக்கு ஒட்டுப்போடும். பதிப்பு எண்ணைப் பார்த்து முரண்டு பிடிக்கும் கேமுக்கு அது போதும். இல்லாத கோப்பையோ இல்லாத டிரைவரையோ அது கொண்டுவந்து தராது.

நான்காவது கேம்தான் எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். அது கேட்கும் கோப்பு டைரக்ட்எக்ஸ் 9ஐச் சேர்ந்தது, கேம்கள் படம் வரைய நம்பியிருக்கும் விண்டோஸ் பகுதி அது. விண்டோஸ் 11இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு என்று தோன்றும். டைரக்ட்எக்ஸ் 9இன் அடிப்படைப் பகுதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் டி3டிஎக்ஸ்9_24 தொடங்கி 43 வரை வந்த துணை நூலகங்கள் அதோடு வருவதில்லை. ஒவ்வொரு கேமும் தனக்கு வேண்டிய எண்ணைத்தான் கேட்கும், 43 இருந்தால் 38 தேவையில்லை என்று ஆகாது. மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை இறக்கிப் போடுங்கள், எல்லா எண்களும் அதில் இருக்கின்றன. அது முதலில் ஒரு ஃபோல்டரில் தன்னைப் பிரித்துவைக்கும். அதற்குள் போய் டிஎக்ஸ்செட்டப்பை ஓட்ட வேண்டும். பாதிப் பேர் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

டிஎல்எல் கோப்பை மட்டும் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

தூசிவட்டு

ஐயோ, போய்விட்டேனே. நேற்றே ஒரு தளத்திலிருந்து 38ஐ இறக்கி சிஸ்டம்32க்குள் போட்டேன். அதற்கப்புறம் 0எக்ஸ்சி000007பி என்று ஒரு பிழை வந்தது. பயந்துபோய் அழித்துவிட்டேன்.

நீலத்திரை

அழித்தது நல்லது. ஒருமுறை வைரஸ் ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள். அந்த எண்ணுக்குப் பொருள், 32 பிட் நிரலுக்கு 64 பிட் டிஎல்எல்லைக் கொடுத்தீர்கள் அல்லது 64 பிட் நிரலுக்கு 32 பிட்டைக் கொடுத்தீர்கள் என்பது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள் இருக்கும், சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் 32 பிட் கோப்புகள் இருக்கும். ஆம், தலைகீழ்தான். பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்ற பெயரையே நம்பி எழுதப்பட்டதால் பெயரை மாற்ற முடியாமல் போன கதை அது.

640கே

முதல் கேம் என் காலத்துச் சரக்கு, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, 1996இல் வந்த பல கேம்களில் கேம் 32 பிட்டாக இருக்கும், அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும். விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர் போட்டால் "95 வேண்டும்" என்று மரியாதையாகச் சொல்லத்தான் அப்படிச் செய்தார்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடாது. அதை ஓட்டிய என்டிவிடிஎம் என்ற பகுதி 64 பிட் பதிப்புகளுக்கு வரவேயில்லை. விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு கிடைத்தது, 11இல் அந்த வாசலும் மூடிவிட்டது.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. செட்டப் கோப்பை நோட்பேடில் திறங்கள். கன்னாபின்னாவென்று எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம், சேமித்துவிடவும் வேண்டாம். முதல் இரண்டு எழுத்து எம், இசட். டாஸ் உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை, இன்றைய எக்ஸ்இ கோப்புகளிலும் அதே முத்திரைதான். கொஞ்சம் கீழே பிஇ என்று இருந்தால் அது விண்டோஸின் 32 அல்லது 64 பிட் நிரல். என்இ என்று இருந்தால் 16 பிட்.

தூசிவட்டு

ஐயா, என்இ என்றுதான் இருக்கிறது. வட்டுக்குள் இருக்கும் கேம் கோப்பில் பிஇ.

640கே

அப்படியானால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வைன்விடிஎம் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, ஓடிவிடிஎம் என்றும் சொல்வார்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டும். செட்டப்பை இழுத்து அதன் மேல் போடுங்கள். அது முரண்டினால், கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் மெய்நிகர் இயந்திரத்தில் விண்டோஸ் 98 போட்டு, அங்கே இன்ஸ்டால் செய்து, கேம் ஃபோல்டரை அப்படியே இங்கே கொண்டுவரலாம். விண்டோஸின் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் இருப்பதையும் கூடவே எடுக்க வேண்டியிருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல் தன் குறிப்புகளை வாவ்6432நோடு என்ற கிளைக்குள்தான் தேடும், அங்கே வைத்தால்தான் கண்ணில் படும்.

இன்னொன்று. செட்டப் ஓடி "வட்டில் இடம் போதாது" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். 700 ஜிபி காலியாக இருப்பதுதான் அதற்குப் பிரச்சினை. அந்தக் காலத்து நிரல் காலி இடத்தை 32 பிட் எண்ணில் பிடிக்கும். 2 ஜிபி தாண்டினால் அந்த எண் மைனஸுக்குப் போய்விடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 1 ஜிபி அளவுக்கு ஒரு விஹெச்டி (வட்டுபோல் நடிக்கும் கோப்பு) உருவாக்கி, அதற்கு ஓர் எழுத்து கொடுத்து, அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். தன் அளவுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்த மாதிரி நிம்மதியாக உட்காரும்.

லினக்ஸ்காரி

ஒரு வேடிக்கை. 64 பிட் லினக்ஸில் வைன் போட்டால் 16 பிட் விண்டோஸ் செட்டப் இன்றும் ஓடும். மைக்ரோசாஃப்ட் கைவிட்டதை பெங்குவின் தூக்கி வளர்க்கிறது.

பிக்சல்பித்தன்

அக்கா, எல்லா இழையிலும் லினக்ஸைக் கொண்டுவராமல் இருக்க முடியாதா? 😄

லினக்ஸ்காரி

முடியாது.

நீலத்திரை

இரண்டாவது கேமுக்கு வருவோம். வட்டின் கோப்புப் பட்டியலில் 00000001.டிஎம்பி அல்லது செக்டிஆர்வி.சிஸ் என்று ஏதாவது இருக்கிறதா?

தூசிவட்டு

இரண்டுமே இருக்கின்றன.

நீலத்திரை

நினைத்தேன். அது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு. வட்டு அசல்தானா என்று பார்க்க செக்டிஆர்வி என்ற டிரைவரை அது விண்டோஸின் அடிமட்டத்தில் ஓட்டும். அடிமட்டத்தில் ஓட்டை இருந்தால் வீடே போச்சு. சாதாரண நிரல் ஒன்று அந்த டிரைவர் வழியாக முழு அதிகாரத்தையும் பிடித்துக்கொள்ள முடிந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் அது சேர்க்கப்படவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. ஆக உங்கள் டிரைவ் நன்றாக இருக்கிறது, வட்டும் நன்றாக இருக்கிறது, நடுவில் சாட்சி சொல்ல வேண்டியவர்தான் இல்லை.

வழிகள் மூன்று. வெளியீட்டாளர் கடைசியாக விட்ட பேட்ச் எது என்று பாருங்கள், சிலர் அதிலேயே வட்டுச் சோதனையை எடுத்துவிட்டார்கள். இல்லையென்றால் சேஃப்டிஸ்க்ஷிம் என்ற இலவசக் கருவி. அந்த டிரைவரை நிறுவாமலேயே, கேம் அதனிடம் கேட்கும் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும். அசல் வட்டு கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, டிஜிட்டலாகத் திரும்ப விற்கப்படுகிறதா என்று பார்ப்பது. ஜிஓஜி கடை 2008இல் தொடங்கியதே பழைய கேம்களைப் பூட்டு இல்லாமல் விற்கத்தான்.

கூகுள்மாணவன்

எதற்கு இவ்வளவு? கிராக் எக்ஸ்இ ஒன்றை இறக்கினால் ஐந்து நிமிட வேலை. பழைய டிரைவரை எங்கிருந்தாவது எடுத்து டெஸ்ட் மோடில் போட்டாலும் ஓடும்.

நீலத்திரை

டெஸ்ட் மோடு என்றால் கையெழுத்தில்லாத எந்த டிரைவரையும் உள்ளே விடுவது. அதற்குள் ஓட்டை என்று தெரிந்தே ஒன்றை விடுவது. வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே லேப்டாப்பில் ஒரு கார் பந்தயத்துக்காக இதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கிராக் என்ற பெயரில் கிடைப்பவற்றில் எது கேம், எது திருடன் என்று பிரித்தறியும் வேலையும் நமக்கு எதற்கு?

640கே

கோர் ஐசொலேஷன் பகுதியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பழைய டிரைவரைத் தடுக்கிறது என்பதற்காக அதை அணைக்கச் சொல்லும் குறிப்புகளும் சுற்றுகின்றன. அதையும் தொடாதீர்கள்.

பிக்சல்பித்தன்

ஊதாப் புல் என் துறை! தாராளமாக எழுதுகிறேன், தாங்கிக்கொள்ளுங்கள்.

1998இல் வந்த அந்த கேம் 256 நிறத்தில் வரைகிறது. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் எழுதப்படுவதில்லை, ஓர் எண் எழுதப்படுகிறது. எண் 40 என்றால் என்ன நிறம் என்பதை ஒரு தட்டு சொல்லும், ஓவியரின் நிறத்தட்டு மாதிரியே. கேம் தன் தட்டை வைக்கும். பின்னால் டெஸ்க்டாப்பை வரைந்துகொண்டிருக்கும் எக்ஸ்புளோரரும் தன் தட்டைக் கொண்டுவந்து வைக்கும். எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன, தட்டு மாறிவிட்டது. அதனால்தான் உருவம் துல்லியமாகத் தெரிகிறது, நிறம் மட்டும் குடித்துவிட்டு வந்ததுபோல் இருக்கிறது.

விஸ்டா, 7 காலத்தில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரைக் கொன்றுவிட்டு விளையாடினோம். கரடுமுரடான வைத்தியம், ஆனால் கேட்டது. இப்போது அது வேண்டாம். சிஎன்சி டிடிரா என்று ஒன்று இருக்கிறது. பழைய ஸ்ட்ராடஜி கேம்களுக்காகப் பிறந்தது, இன்று எத்தனையோ 2டி கேம்களுக்குக் கைகொடுக்கிறது. அதன் டிடிரா.டிஎல்எல்லை கேமின் எக்ஸ்இ இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். கேம் முதலில் தன் ஃபோல்டரில்தான் தேடும், விண்டோஸின் டைரக்ட்டிராவுக்குப் பதில் இதைப் பிடித்துக்கொள்ளும். சிஸ்டம் ஃபோல்டரில் எதையும் போட வேண்டாம்.

3டி கேம் என்றால் டிஜிவூடூ 2. டைரக்ட்எக்ஸின் தொடக்கப் பதிப்புகளிலிருந்து 9 வரைக்கும், பழைய 3டிஎஃப்எக்ஸ் கிராபிக்ஸ் அட்டைகளின் கிளைடு மொழிக்கும் அது மொழிபெயர்ப்பாளர். கேம் பழைய மொழியில் பேசும், இது டைரக்ட்எக்ஸ் 11 அல்லது 12இல் திருப்பிச் சொல்லும்.

தூசிவட்டு

சிஎன்சி டிடிரா போட்டேன். புல் பச்சை! நான்கு வருடம் கழித்து என் நகரத்தைப் பார்க்கிறேன். கேம் மூன்று தீர்ந்தது.

நான்காவதில் டைரக்ட்எக்ஸ் போட்டபின் அந்தப் பிழை போய்விட்டது. இப்போது எக்ஸ்லைவ்.டிஎல்எல்லில் ஆர்டினல் 42 இல்லை என்கிறது.

நீலத்திரை

அது கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ், மைக்ரோசாஃப்டின் பழைய இணைய கேம் சேவை. 2007 வாக்கில் தொடங்கி சில ஆண்டுகள் பல கேம்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. அதன் கடை 2013 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஜிடிஏ 4 2020இலும், ஃபால்அவுட் 3 2021இலும் ஸ்டீம் பதிப்புகளில் அதைக் கழற்றிவிட்டன. உங்கள் கேமுக்கும் அப்படி ஒரு அப்டேட் உண்டா என்று பிசிகேமிங்விக்கியில் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பழைய கேமுக்கும் என்ன கோளாறு, என்ன மருந்து என்று எழுதிவைத்திருக்கும் தளம் அது. நாங்கள் இங்கே யோசித்துச் சொல்வதில் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கும்.

தூசிவட்டு

அப்டேட் இருந்தது. ஓடுகிறது. முதலாவதும் வைன்விடிஎம் வழியாக இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஐயா சொன்னபடியே "இடம் போதாது" என்றது, 1 ஜிபி விஹெச்டியில் போட்டேன். இரண்டாவதற்கு பேட்ச் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது அப்படியே இருக்கிறது. மவுஸ் சுற்றுகிறது, நிற்கிறது.

பிக்சல்பித்தன்

செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதில் கிராபிக்ஸ் பக்கம் போய் கேமின் எக்ஸ்இயைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள். லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால் பழைய கேம் தவறானதைப் பிடித்துக்கொண்டு விழும்.

தூசிவட்டு

செய்தேன். மாற்றமில்லை.

640கே

புராசஸரின் ஒரே கோரில் ஓட்டிப் பாருங்கள். 2004இல் வீட்டுக் கணினிகளில் கோர் ஒன்றுதான். நேரத்தை அளக்கும் நிரல் பல கோர்களுக்கு நடுவே தாவும்போது கணக்குத் தப்பிவிடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஸ்டார்ட் கட்டளையோடு அஃபினிட்டி 1 என்று கொடுத்துத் திறந்தால் முதல் கோரில் மட்டும் ஓடும்.

இதைவிட மோசமானது ஒன்று பார்த்திருக்கிறேன். டர்போ பாஸ்கலில் எழுதிய டாஸ் நிரல்கள், கணினி வேகமானதுமே "ரன்டைம் எரர் 200" என்று செத்தன. 55 மில்லிசெகண்டில் எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, 55ஆல் வகுத்து, விடையை 16 பிட்டில் வைக்கும். பென்டியம் 2 வந்ததும் விடை 65535ஐத் தாண்டியது. கணினி வேகமானதே குற்றம்!

தூசிவட்டு

கதை அருமை ஐயா, ஆனால் ஒரே கோரிலும் அதேதான்.

சும்மாபார்த்தேன்

டிபிஐ? கல்லூரியில் படிக்கும்போது எங்கேயோ கேட்ட வார்த்தை, சொல்லிவைக்கிறேன்.

பிக்சல்பித்தன்

தவறில்லை. ஆனால் டிபிஐ, அதாவது திரையில் அளவைப் பெரிதாக்கும் அமைப்பின் கோளாறு என்றால் கேம் திறந்து, திரையின் மூலையில் பாதியாகத் தெரியும். இங்கே திறக்கவே இல்லை.

டைரக்ட்எக்ஸுக்குப் பதில் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நூலகத்தில் எழுதிய கேமா? குவேக் 3 எஞ்சினை வைத்து எழுதிய சில பழைய கேம்கள் புது டிரைவரில் தொடங்கியதுமே விழும். கிராபிக்ஸ் அட்டை தனக்குத் தெரிந்த வித்தைகளை ஒரே நீள வரியாகச் சொல்லும். அந்த வரிக்கு அன்று ஒதுக்கிய இடம் இன்றைய அட்டையின் பெருமைக்குப் போதாது.

தூசிவட்டு

பெட்டியில் டைரக்ட்எக்ஸ் 9 என்றுதான் போட்டிருக்கிறது.

நீலத்திரை

ஊகம் போதும், கேமையே கேட்போம். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து, நீங்கள் அழுத்திய நேரத்தில் சிவப்புக் குறியோடு ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

தூசிவட்டு

எதுவும் இல்லை. விழுந்ததாகவே பதிவில்லை.

நீலத்திரை

இதுவே ஒரு துப்பு. கேம் நொறுங்கவில்லை, தானாகவே வெளியேறுகிறது. எதையோ தேடி, கிடைக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறது. மைக்ரோசாஃப்ட் தரும் பிராசஸ் மானிட்டர் என்ற கருவியை இறக்குங்கள். கேமின் எக்ஸ்இ பெயரை ஃபில்ட்டரில் போட்டு, பதிவை ஓடவிட்டு, கேமை அழுத்துங்கள். ஆயிரக்கணக்கில் வரி வரும். கடைசி இருபதை மட்டும் இங்கே சொல்லுங்கள்.

தூசிவட்டு

பார்த்தேன். பெரும்பாலும் சக்சஸ். கடைசியில் நான்கு வரி மட்டும் "நேம் இன்வாலிட்". அதில் இருக்கும் பாதை விநோதமாக இருக்கிறது. சி டிரைவ், யூசர்ஸ், அப்புறம் ஐந்தாறு கேள்விக்குறி, அப்புறம் டாக்குமென்ட்ஸ்.

நீலத்திரை

லேப்டாப்பை முதலில் திறந்தபோது பயனர் பெயரை என்னவென்று கொடுத்தீர்கள்?

தூசிவட்டு

லோக்கல் அக்கவுண்ட்தான். என் பெயரைத் தமிழில் அடித்தேன். பழைய லேப்டாப்பில் ஆங்கிலத்தில் இருந்தது, இதிலாவது தமிழில் இருக்கட்டுமே என்று.

நீலத்திரை

கிடைத்துவிட்டது.

விண்டோஸில் ஒரு நிரல் ஃபோல்டரின் பெயரைக் கேட்க இரண்டு வாசல் உண்டு. ஒன்று யூனிகோடு வாசல், மற்றது ஆன்சி என்ற பழைய வாசல். பழைய வாசலில் ஒரு சமயத்தில் ஒரே எழுத்து அட்டவணைதான். ஜப்பானியருக்கு 932, ரஷ்யருக்கு 1251 என்று அட்டவணைகள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஓர் ஆன்சி அட்டவணையை மைக்ரோசாஃப்ட் உருவாக்கவே இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் உள்ளே வந்ததே யூனிகோடாகத்தான். அதனால் 2004இல் பழைய வாசல் வழியாக எழுதப்பட்ட கேம் "டாக்குமென்ட்ஸ் எங்கே?" என்று கேட்டால், உங்கள் பெயரின் ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாகத் திரும்பும். கேள்விக்குறியைக் கோப்புப் பெயரில் வைக்கவே விண்டோஸ் அனுமதிக்காது. அதனால்தான் "நேம் இன்வாலிட்". சேமிக்க இடமில்லை என்று கேம் மூடிக்கொள்கிறது.

640கே

டிஸ்கி, டாப் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக ஆங்கிலத்தைத் தாண்டிய ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த காலம் நினைவுக்கு வருகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் மடல் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் அந்தக் கிறுக்கலில் ஒரு ஃபோல்டர் இருந்திருந்தால் இந்த கேம் ஓடியிருக்கும்!

பிக்சல்பித்தன்

செட்டிங்ஸில் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதுமே?

நீலத்திரை

போதாது. அங்கே மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், யூசர்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் பிறந்தபடியே இருக்கும். அதை ரெஜிஸ்ட்ரியில் வலிந்து மாற்றி அக்கவுண்ட்டையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் சின்ன மருந்து. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன். அங்கே சி டிரைவிலேயே டாக்ஸ் என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்து நகர்த்துங்கள்.

பிக்சல்பித்தன்

விண்டோஸ் 10இலிருந்தே "யுடிஎஃப் 8" என்று பீட்டா அடையாளத்தோடு ஒரு டிக் இருக்கிறதே, ரீஜன் செட்டிங்ஸில்? அதைப் போட்டால் பழைய வாசலிலும் தமிழ் வரும்.

நீலத்திரை

வரும், நல்ல யோசனைதான். ஆனால் அது கணினி முழுக்கப் பொருந்தும். பழைய நிரல்கள் சில, எழுத்துக்கு ஒரு பைட் என்று எண்ணியே எழுதப்பட்டவை. யுடிஎஃப் 8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கி" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, அங்கே க, இகரக் குறி என்று இரண்டு குறியீடு, 6 பைட். ஒன்று சரியாகும்போது வேறு நான்கு குழம்பலாம். கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

தூசிவட்டு

டாக்குமென்ட்ஸை நகர்த்தினேன். வெளியீட்டாளரின் முத்திரைப் படம் வந்தது!! கத்திவிட்டேன். அப்புறம் மெனு வரும் முன்பே மறுபடி மூடிக்கொண்டது. பிராசஸ் மானிட்டரில் பார்த்தால் இந்த முறை, நிரல்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரின் பாதையில் கேள்விக்குறிகள்.

நீலத்திரை

ஆப்டேட்டாவுக்கு லொகேஷன் பக்கம் கிடையாது. இனி தெளிவான வழி ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் "கேம்ஸ்" என்ற பெயரில் இன்னொரு லோக்கல் அக்கவுண்ட் உருவாக்குங்கள். உங்கள் தமிழ் அக்கவுண்ட்டைத் தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். கேமை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். விஸ்டாவிலிருந்து புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண நிரல் எழுத முடியாது. பழைய கேம் எழுத முயன்றால் விண்டோஸ் அதை விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடும், சேமித்த ஆட்டத்தைத் தேடி நீங்கள் அலைவீர்கள்.

தூசிவட்டு

புது அக்கவுண்ட். புது ஃபோல்டர். ஓடுகிறது. மெனு, இசை, எல்லாம். பழைய வட்டில் காப்புப்படி எடுத்து வைத்திருந்த சேமிப்புக் கோப்புகளையும் ஏற்றுக்கொண்டது.

ஒரே ஒரு விஷயம். கதாபாத்திரம் நடக்கவில்லை, பறக்கிறது. கதவைத் திறந்தால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

பிக்சல்பித்தன்

144 ஹெர்ட்ஸ் திரை! ஒரு படத்துக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்த கேம் அது. நொடிக்கு 60 படம் என்று நினைத்து எழுதியதற்கு 144 கொடுத்தால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேகம். கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் அந்த எக்ஸ்இக்கு மட்டும் 60 என்று உச்சவரம்பு வையுங்கள். அல்லது ரிவாடியூனர் என்ற கருவியில்.

தூசிவட்டு

60இல் பூட்டினேன், மனிதன் மாதிரி நடக்கிறது. எல்லோருக்கும் நன்றி. பந்தயக் கேமுக்கு பேட்ச் கிடைக்கவில்லை, சேஃப்டிஸ்க்ஷிம் வைத்து இன்று இரவு பார்க்கிறேன். தினமும் யுஎஸ்பி டிரைவைத் தூக்க சோம்பலாக இருக்கிறது. மற்ற வட்டுகளை ஐஎஸ்ஓவாக மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

640கே

வைத்துக்கொள்ளலாம், விண்டோஸ் 8இலிருந்து ஐஎஸ்ஓவை இருமுறை அழுத்தினாலே டிரைவாகத் திறக்கும். ஆனால் 1996, 98 வட்டுகளில் கவனம். அவற்றில் பலவற்றின் இசை, கோப்பாக இருக்காது, சிடி பிளேயரில் போடும் பாட்டு மாதிரி தனித் தடங்களாக இருக்கும். ஐஎஸ்ஓவில் அந்தத் தடங்கள் ஏறாது, கேம் ஊமையாக ஓடும். பின் (BIN), க்யூ (CUE) என்ற இரட்டைக் கோப்பாக எடுங்கள். விண்டோஸ் அதை நேராகத் திறக்காது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். நகர கேம் வட்டைச் சாதாரண சிடி பிளேயரில் போட்டுப் பாருங்கள், இரண்டாவது தடத்திலிருந்து பாட்டு கேட்டால் அந்த வகைதான்.

தூசிவட்டு

கேட்கிறது. ஒன்பது பாட்டு.

சும்மாபார்த்தேன்

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். என் பயனர் பெயரும் தமிழில்தான். பிரிண்டரோடு வந்த ஸ்கேன் மென்பொருள் மூன்று வருடமாக ஏன் இரண்டு நொடி சுற்றிவிட்டு நிற்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த பிராசஸ் மானிட்டர் எங்கே கிடைக்கும் என்று சொன்னீர்கள்?